தோல் வாசர் போட்ட பழைய ஜாக்கியை மறுபடி வேலைக்குக் கொண்டுவருவது

எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் பழைய ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்று “ஏறுது, ஆனா நிக்க மாட்டேங்கு” என்று என் பட்டறைக்கு வந்தால், நான் முதலில் கேட்பது, இதற்கு முன் யாராவது உள்ளே திறந்தார்களா என்பதைத்தான். யாரும் கை வைக்கவில்லை என்றால் எனக்குப் பாதி நிம்மதி. உள்ளே கசிவை அடைக்கும் தோல் வாசர் எவ்வளவு தேய்ந்திருந்தாலும், ஜாக்கிக்கு என்ன நடந்தது என்பதை அது சொல்லிவிடும். அதை எடுத்து எறிந்துவிட்டு ரப்பர் ஓ-ரிங்கைத் திணித்த ஜாக்கிதான் எனக்குப் பெரிய வேலை வைக்கும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த வகைச் சாமான்கள் இன்னும் நிறைய உண்டு. குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் படகு வேலை பார்ப்பவர்களிடம், குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்து ஷெட்டுகளில், நாகர்கோவிலின் பழைய லாரிப் பட்டறைகளில் பாட்டில் ஜாக்கி, டிராலி ஜாக்கி, பேரிங் கழற்றும் கைப்பிரஸ் என்று மூலையில் கிடக்கும். வார்ப்பிரும்பு உடம்பு அப்படியே இருக்கும். இன்றைக்கு வாங்கும் சல்லிசான ஜாக்கியை விட இரண்டு மடங்கு கனம். அதை எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். திறந்து பார்ப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

“ரப்பர் ரிங்கு போட்டா போதும்லா அண்ணாச்சி, தோலுக்கு எங்க போய் அலைய?” என்று கேட்பார்கள். போதாது. ஓ-ரிங் உட்கார அளவு பிசகாத காடிப் பள்ளம் வேண்டும், அது உரசும் பரப்பு கண்ணாடிபோல் இருக்க வேண்டும், ராமுக்கும் (பாரத்தைத் தூக்கி மேலே எழும் தண்டு) சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவாக இருக்க வேண்டும். பழைய ஜாக்கியில் இந்த மூன்றுமே கிடையாது. அழுத்தம் ஏறியதும் ரப்பர் அந்த இடைவெளிக்குள் பிதுங்கிக் கிழிந்துவிடும். தோல் அப்படிப் பிதுங்காது. இடைவெளியைத் தாண்டிப் பாலம் போட்டு நிற்கும். சின்னச் சின்னக் குழிகளின் மேல் ஓடினாலும் கிழியாது. எண்ணெயைத் தன் நாருக்குள் பிடித்து வைத்துக்கொண்டு, ஓடும்போது தானே மசகு போட்டுக்கொள்ளும். உப்புக் காற்று அரித்த இரும்புக்கு இதைவிடப் பொருத்தமான சீல் எனக்குத் தெரிந்து இல்லை.

இதன் தத்துவம் எளிது. பம்பு ஸ்டவ்வின் தண்டு முனையில் இருக்கும் சின்னத் தோல் வாசரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதேதான் இங்கே பெரிதாக இருக்கிறது. கிண்ணம் மாதிரி மடங்கிய தோலின் வாய், அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்த்து இருக்கும். எண்ணெய் உள்ளே அழுத்த அழுத்த, உதடு விரிந்து சிலிண்டர் சுவரோடு ஒட்டும். அழுத்தம் கூடினால் பிடியும் கூடும், குறைந்தால் தளரும். ஜோசப் பிராமா 1795இல் லண்டனில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். கசிவை நிறுத்துவதுதான் அங்கே பெரிய பாடாக இருந்தது. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்ற கைவினைஞர்தான் இப்படித் தானே இறுகும் தோல் வளையத்தை உருவாக்கினார் என்று பதிவு இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் ஜாக்கி அந்த வழியில் வந்தது.

திறப்பதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்தச் சாமானிடம் மரியாதை தானாக வரும். சிலிண்டர் போர், அதாவது உள்விட்டம், 50 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு ஏறக்குறைய 19.6 சதுர சென்டிமீட்டர். 10 டன் தூக்கும்போது உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 510 கிலோ அழுத்தம் நிற்கிறது. கைப்பிடி இயக்கும் 12 மில்லிமீட்டர் பிளஞ்சரின் (பம்புத் தண்டின்) மேல் அது 576 கிலோவாகத் திருப்பித் தள்ளும். கைப்பிடியின் நெம்புகோல் 15க்கு 1 என்றால், நாம் 38 கிலோ அமுக்கினால் போதும். கை சுலபமாக அமுக்குகிறது என்பதற்காக உள்ளே ஒன்றுமில்லை என்று நினைக்கக் கூடாது. கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. மயிரிழை ஓட்டையில் பீச்சும் எண்ணெய் கையின் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே கை அழுகும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவைப் பார்க்க ஒரு அட்டைத் துண்டைப் பிடியுங்கள்.

நோய் எது என்பதைத் திறக்காமலே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். ராமின் தலைப்பக்கம் எண்ணெய் ஊறினால் பெரும்பாலும் ராமின் அடியில் உள்ள பெரிய தோல் போய்விட்டது என்று அர்த்தம். பிளஞ்சரைச் சுற்றி ஊறினால் சின்னத் தோல். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் பாரம் மெல்ல இறங்கினால் ராமை இறக்கத் திறக்கும் ரிலீஸ் வால்வையோ, எண்ணெய் ராமுக்குப் போகும் பக்கத்து வால்வுக் குண்டையோ பாருங்கள். பாரம் ஏற்றியபின் கைப்பிடி தானாக மேலே எழும்பினால் அந்தக் குண்டுதான், சந்தேகமே வேண்டாம். கைப்பிடி காற்றைக் குத்துவதுபோல் லேசாகப் போய்வந்தால் எண்ணெய் இழுக்கும் பக்கத்துக் குண்டில் அழுக்கு இருக்கும், அல்லது உள்ளே காற்று நிற்கும்.

கழற்றுவது

ரிலீஸ் வால்வைத் திறந்து, ராமைக் கீழே இறக்கி, எண்ணெயை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் வடியுங்கள். வெள்ளைப் பாத்திரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எண்ணெய் மோர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அடியில் பித்தளைப் பொடி மின்னினால் பிளஞ்சர் வழி தேய்கிறது. கறுப்பு நார் வந்தால் அது தோல்.

தலை நட்டு அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெயும் கொஞ்சம் கியர் ஆயிலும் கலந்து மரையைச் சுற்றி விட்டு, ஓரிரண்டு நாள் விடுங்கள். அவ்வப்போது பித்தளைச் சுத்தியலால் சுற்றித் தட்டுங்கள். பிறகு செயின் ரிஞ்சில் நீளமான பைப் மாட்டி நிதானமாகத் திருப்புங்கள். கேஸ் போட்டுச் சூடேற்றுவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. எண்ணெய் நின்ற மூடிய தொட்டியைச் சூடேற்றுவது ஆபத்து. உள்ளே இருக்கும் தோலும் கருகிவிடும், நமக்கு வேண்டிய சாட்சியே போய்விடும். பழைய பிரஸ்ஸின் கிளாண்டில் (ராம் வெளியே வரும் கழுத்தில்) வெள்ளைக் கயிறு மாதிரி ஏதாவது திணித்திருந்தால் அது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஆக இருக்கலாம். காய்ந்த நிலையில் சுரண்டாமல், நன்றாக நனைத்து எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கழற்றும் ஒவ்வொரு சாமானையும் கழற்றிய வரிசையில் ஒரு பலகையில் வையுங்கள். குண்டுகள் இரண்டு அளவில் இருக்கும். எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்பது மாறக் கூடாது.

பழைய தோலைப் படிப்பது

இங்கேதான் அவசரப்படாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிச் சொல்கிறேன். பழைய வாசரைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

உதடு கொம்புபோல் கெட்டியாகி மினுங்கினால், எண்ணெய் இல்லாமல் காய்ந்து கிடந்திருக்கிறது. ஜாக்கியில் வேறு பழுது இல்லாமலே இருக்கலாம். தோல் ஊறிய அப்பளம் மாதிரி கொழகொழவென்று வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ராமின் தலையில் தூசி துடைக்கும் வளையம் இல்லாமல் மழையில் கிடந்த ஜாக்கிகளில் இது சகஜம். உதட்டில் ஒரே இடத்தில் மேலும் கீழுமாகக் கீறல் இருந்தால், சிலிண்டர் சுவரில் அதற்கு நேராக ஒரு பிசிறு இருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் புதுத் தோல் போட்டால் அதுவும் கிழியும். உதடு நன்றாக இருந்து, அடி மடியும் குதிகால் மட்டும் சுற்றிலும் தேய்ந்திருந்தால், நடுப் போல்ட்டை யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். அடித்தோல் நசுங்கி வெளியே பிதுங்கி, உதட்டுக்குப் பதில் குதிகால் சுவரில் உரசியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ராம் சாய்ந்து ஓடுகிறது, வழிகாட்டும் புஷ் தேய்ந்திருக்கும்.

தோலின் மழமழப்பான பக்கம் உள்ளேயா வெளியேயா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். செய்தவர்கள் போட்ட மாதிரியே நாமும் போடுவோம். ஆனால் அளவை மட்டும் பழைய தோலிலிருந்து எடுக்காதீர்கள். அது சுருங்கியோ வீங்கியோ இருக்கும். அளவுக்குச் சிலிண்டர்தான் ஆதாரம்.

இரும்பைச் சுத்தம் செய்வது

கடலோரத்துச் சாமான் என்றால், மண்ணெண்ணெயில் கழுவுவதற்கு முன் நல்ல தண்ணீரில் கொதிக்கக் கொதிக்கக் கழுவிக் காய வையுங்கள். உப்பு எண்ணெயில் கரையாது. துருக்குழியின் அடியில் உப்பு நிற்க, மேலே எண்ணெய் பூசினால், எண்ணெய்க்கு அடியிலேயே அரிப்பு தொடரும். முட்டத்துப் படகுக்காரர் ஒருவரின் ஜாக்கியில் துடைத்த ராமில் ஒரு வாரத்துக்குள் அதே இடங்களில் செம்புள்ளி வந்ததைப் பார்த்தபின் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பித்தளைச் சாமானுக்குப் புளியோ புளிச்சிக்காயோ போதும். வில் சுருளையும் குண்டையும் மட்டும் எந்தப் புளிப்பிலும் போடாதீர்கள். பதம் ஏற்றிய எஃகு அமிலத்தில் கிடந்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

சிலிண்டரின் உட்சுவரை, பிளந்த மரக்கோலில் எமரித் தாளைச் சுற்றி, எண்ணெய் தொட்டுச் சுற்றுவாட்டில் தேயுங்கள். 400இல் ஆரம்பித்து 1000 வரை போகலாம். நோக்கம் பிசிறுகளை எடுப்பது, குழிகளின் விளிம்பை மழுக்குவது, அவ்வளவுதான். குழியே மறையும்வரை தேய்த்தால் போர் பெரிதாகிவிடும், அப்புறம் எந்தத் தோலும் நிற்காது. பிரஸ்ஸில் விஷயம் தலைகீழ். அங்கே தோல் சிலிண்டரின் கழுத்தில் இருந்துகொண்டு ராமைப் பிடிக்கிறது. அதனால் ராமின் வெளிப்பரப்புதான் முக்கியம். அதில் நகம் சிக்கும் அளவு குழி இருந்தால் ராமுக்கு ஹார்டு குரோம் பூச்சுப் போடக் கொடுத்துவிடுங்கள், செலவைப் பார்க்காதீர்கள்.

வால்வுக் குண்டுகளைக் குணப்படுத்தப் பார்க்காதீர்கள், அதே அளவில் புதுசு வாங்குங்கள். பேரிங் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும். அமரும் இடத்தைத் துடைத்துவிட்டு, ஒரு பழைய குண்டை அதில் வைத்து, பித்தளைத் தண்டை மேலே ஊன்றி, சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. மெல்லிய வட்டக் கோடு விழும். பழைய குண்டை எறிந்துவிட்டுப் புதுசை வையுங்கள். செம்பு வாசர்களை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெதுவாகிவிடும், புதுசு தேட வேண்டாம். ஓவர்லோட் வால்வு இருந்தால் அதன் திருகை ஒரு சுற்றுக்கூட மாற்றாதீர்கள்.

தோல் செய்வது

செருப்புக்கு அடித்தோலாகப் போடும், பட்டை போட்டுப் பதனிட்ட கெட்டித் தோல்தான் வேண்டும். பை தைக்கும், குரோமில் பதனிட்ட மெல்லிய தோல் வார்ப்பில் நிற்காது, மடங்கினது திரும்ப விரிந்துவிடும். தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட வழக்கம் பழையது. திண்டுக்கல்லும் ஆம்பூரும் வாணியம்பாடியும் இந்தத் தொழிலில் பேர் எடுத்த ஊர்கள். எனக்கு வடசேரியில் செருப்புத் தைக்கும் அண்ணாச்சி ஒருவர் துண்டுத் தோல் எடுத்துவைத்துத் தருகிறார். வயிற்றுப்பக்கத் தோலைத் தரமாட்டார், அது இழுபடும் என்று அவருக்கே தெரியும். முதுகுப் பக்கம், 4 மில்லிமீட்டர் கனம், சீராக இருக்க வேண்டும். வளைத்துப் பார்த்தால் வெடிப்பு விழக் கூடாது.

50 மில்லிமீட்டர் போருக்கு உதாரணம் சொல்கிறேன். உள்விட்டம் 50 உள்ள ஒரு வளையமும், அதற்குள் தோலோடு இறங்கும் ஒரு குத்தியும் லேத்தில் கடைந்துகொள்ளுங்கள். தோல் இரண்டு பக்கமும் 4 எடுத்துக்கொள்ளும் என்பதால் குத்தி 42. தோல் கொஞ்சம் நசுங்கி அடர்த்தியானால் நல்லது என்று நான் 42.5 வைப்பேன். குத்தியின் அடி முனையை உருட்டிவிடுங்கள், கூர்மையாக இருந்தால் தோல் அங்கேயே அறுபடும். வளையத்தின் வாயையும் தாராளமாக உருட்ட வேண்டும். குத்தியின் நடுவே காற்றுப் போக ஒரு துளை. இதை இரும்பில் செய்யாமல் நைலான் கட்டையில் செய்யுங்கள். பட்டைத் தோலின் துவர்ப்பும் ஈர இரும்பும் சேர்ந்தால் மை மாதிரிக் கறுக்கும், அந்தக் கறை நாளாவட்டத்தில் தோலை நொறுக்கும். ஊறவைக்கும் பாத்திரமும் பிளாஸ்டிக்கோ மண்சட்டியோ ஆக இருக்கட்டும்.

கிண்ணத்தின் உயரம் 12 வேண்டுமென்றால், கணக்குப்படி 66 மில்லிமீட்டர் வட்டம் போதும். ஓரம் சீவ இடம் வேண்டும், 75க்கு வெட்டுங்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, குமிழி வருவது நிற்கும்வரை ஊற விடுங்கள். கடலோரத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், மழைத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ பயன்படுத்துங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் ஆகாது. ஈரத் தோல் சூட்டில் சுருண்டுவிடும், பிறகு எதற்கும் உதவாது.

ஊறிய தோலை வளையத்தின் மேல் நடுவாக வைத்து, குத்தியை பெஞ்ச் வைஸில் மெல்ல, மிக மெல்ல அமுக்குங்கள். கால் சுற்று முறுக்கி நிறுத்தினால் தோலிலிருந்து தண்ணீர் முத்து முத்தாக வரும். அது வடிந்தபின் அடுத்த கால் சுற்று. ஓரத்தில் சுருக்கம் விழுந்தால் மரக்கரண்டிக் காம்பால் நீவி வெளியே தள்ளுங்கள். அடிவரை போனதும் அப்படியே ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் வெளியே எடுத்து நிழலில் காய வையுங்கள். வெயில் ஆகாது, மின்விசிறியும் வேண்டாம். இடவப்பாதி மழையில் இது நாள் பிடிக்கும், நம் ஊரில் ஐப்பசி மழையும் சேர்ந்துகொள்ளும். எடை போட்டுப் பார்த்து, எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது என்று நம்புங்கள்.

காய்ந்தபின் நடுத்துளை போட்டு, உதட்டின் உட்புறத்தைக் கூரான கத்தியால் சாய்வாகச் சீவுங்கள். வெளி விளிம்பு மெல்லியதாக, கூராக நிற்க வேண்டும். அந்தச் சாய்வில்தான் எண்ணெய் புகுந்து உதட்டை விரிக்கும். இந்த ஒரு சீவலில் வாசரின் ஆயுள் பாதி இருக்கிறது, புதுப் பிளேடு போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மெழுகு. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் நல்ல தேன்மெழுகு கிடைக்கும். ஒரு பங்கு மெழுகுக்கு இரண்டு பங்கு உருக்கிய மாட்டுக்கொழுப்பு. நேரடி அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். மெழுகு 62, 64 டிகிரியில் உருகும், 70ஐத் தாண்டவிடாதீர்கள். முழுக்கக் காய்ந்த தோலை அதில் போட்டால் நுரை நுரையாகக் காற்று வரும், அது நின்றதும் எடுத்து, மேலே நிற்கும் மெழுகைச் சூட்டோடு துடைத்துவிடுங்கள். துடைக்காத மெழுகு உள்ளே போய்க் குண்டில் ஒட்டும். கொழுப்பைக் கையாள மனமில்லாதவர்கள் வெதுவெதுப்பான ஹைட்ராலிக் ஆயிலில் ஊறவைத்தாலும் வேலை நடக்கும், தோல் அமர மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். எந்த முறையானாலும் பூட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி ஆயிலில் கிடக்கட்டும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஸ்டவ் வாசருக்கு அது சரி. ஜாக்கிக்குள் வருடக்கணக்கில் நின்றால் காறி, பிசினாகி, பித்தளையில் பச்சை பிடிக்க வைக்கும். பிரேக் ஆயிலும் கூடாது. மினரல் ஹைட்ராலிக் ஆயில், 32 கிரேடு, நம் வெயிலுக்கு நன்றாகவே ஓடும்.

பூட்டுவதும் பார்ப்பதும்

வாசரின் வாய் அழுத்தம் வரும் பக்கம். பாட்டில் ஜாக்கியில் அது கீழ்நோக்கி இருக்கும். உதடு சிலிண்டர் மரையில் சிக்காமல் இருக்க, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி உள்ளே வைத்து, அதன் வழியாக இறக்கிவிட்டுத் தகட்டை உருவுங்கள். நடுப் போல்ட்டை, தோல் அசையாத அளவுக்கு முறுக்கினால் போதும். குதிகால் பிதுங்குகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், பிதுங்கினால் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள்.

ராம் முழுக்க இறங்கிய நிலையில் எண்ணெய் ஊற்றி, ரிலீஸ் வால்வைத் திறந்துவைத்து, நிரப்பு மூடியும் திறந்திருக்க, கைப்பிடியை வேகமாகப் பலமுறை அடியுங்கள். காற்று வெளியேறும். வால்வை மூடி, பாரமில்லாமல் ராமை முழுக்க ஏற்றி இறக்குங்கள். முதலில் கொஞ்சம் ஊறும், பதறாதீர்கள். தோல் சுவரோடு பழக வேண்டும்.

சோதனை படிப்படியாக. கால் பாரம், பிறகு அரை, பிறகு முழு. ஒவ்வொன்றிலும் ராமில் பென்சில் கோடு போட்டு, பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். இது நடக்கும்போது பாரத்தின் கீழே ஸ்டாண்டும் மரக்கட்டையும் இருக்க வேண்டும், ஆள் இருக்கக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு. நூறு சதவீதம் சரியான ஜாக்கிக்கும் இது பொருந்தும். கோடு நகராமல் நின்றால் வண்டிக்குக் கொண்டுபோகலாம்.

வேலை முடிந்தால் ராமை இறக்கி, நிமிர்த்தி வையுங்கள். படுக்கப்போட்டால் எண்ணெய் ஒதுங்கி மேல் பக்கத் தோல் காயும். வேலை இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை ஏற்றி இறக்கி, ராமின் வெளியே கிரீஸ் தொட்டு விடுங்கள். நைலான் அச்சையும் குத்தியையும் தூக்கி எறியாமல், போர் அளவைப் பெயின்ட்டில் எழுதி ஜாக்கியோடு கட்டிவையுங்கள். கடைசல் செலவு இல்லாமல் அடுத்த வாசரை நீங்களே அமுக்கிவிடலாம்.